புகை எங்கே இறங்குகிறது?

இந்தியாவில் கந்தகம் கலந்த எரிபொருளை எரிக்கும் ஆலை ஒன்று புகைபோக்கி கட்ட வேண்டுமானால், அதன் உயரத்தை முடிவுசெய்ய ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறும் என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணின் 0.3ஆம் அடுக்கைக் கண்டு 14ஆல் பெருக்கினால், மீட்டரில் உயரம் கிடைத்துவிடும். மணிக்கு 100 கிலோ என்றால் ஏறக்குறைய 56 மீட்டர். 1000 கிலோ என்றால் 560 வரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். விடை 111 மீட்டர்தான். வாயு பத்து மடங்கு பெருகியிருக்கிறது. புகைபோக்கியோ இரண்டே மடங்கு வளர்ந்திருக்கிறது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. புகைபோக்கியின் உயரத்தை இரட்டித்தால், தரையில் நிற்பவர் சுவாசிக்கும் உச்ச அளவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். அதோடு பெரிய ஆலையின் புகை அதிகச் சூட்டோடு வருவதால், வாயிலிருந்து கிளம்பிய பிறகும் தானாகவே மேலே ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சுருக்கமாக எழுதிவைத்த சூத்திரம் அது. அடுக்குமாடிக் குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டருக்கும் இதே மாதிரி ஒரு சூத்திரம் உண்டு. கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் கேவிஏ திறனின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 100 கேவிஏ எந்திரத்தின் குழாய், கூரைக்கு மேல் 2 மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். அப்படி நீளாத குழாய்களை எந்த நகரத்திலும் அண்ணாந்து பார்த்தாலே காணலாம். கட்டடத்தின் மேல் மோதித் திரும்பும் காற்று அதன் பின்புறம் சுழல்கிறது. குட்டைக் குழாயின் புகை அந்தச் சுழலில் சிக்கி மூன்றாம் மாடிச் சன்னல் வழியே உள்ளே வந்துவிடுகிறது.

சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்க யாராலும் முடியும். காற்றுத் தர ஆலோசகர் என்று ஒரு தொழிலே உருவானதற்குக் காரணம், இந்தச் சூத்திரங்கள் கணக்கில் எடுக்காமல் விடுகிற சங்கதிகள். சுற்றிலும் மலை இருந்தால்? கடல் இருந்தால்? பக்கத்திலேயே இன்னும் நான்கு புகைபோக்கிகள் இருந்தால்? மேலே போன புகை போய்ச் சேரும் இடம் எது?

கடைசிக் கேள்விக்குக் கனடாவின் சட்பரி நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. நிக்கல் உருக்கும் ஆலைகளின் கந்தகப் புகையால் ஊரைச் சுற்றிப் புல்பூண்டு இல்லாமல் பாறை கருத்துப்போயிருந்தது. 1972இல் இன்கோ நிறுவனம் அங்கே 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி முடித்தது. ஊர்க்காற்று தெளிந்தது. உள்ளூர் மக்களைப் பொறுத்தவரை அது வெற்றிதான். ஆனால் அந்தக் கந்தகம் எங்கும் மறைந்துவிடவில்லை. உயரத்தில் காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து அமில மழையாக ஏரிகளில் இறங்கியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுபது, எண்பதுகளில் அமில மழை பெரிய அரசியல் பிரச்சினையானதற்கு, இப்படி உயர்ந்துகொண்டே போன புகைபோக்கிகளுக்கும் பங்கு உண்டு. சட்பரியின் ராட்சதப் புகைபோக்கி 2020இல் ஓய்வு பெற்றது. வாயுவை ஆலைக்குள்ளேயே பிடித்துவிடும் ஏற்பாடுகள் வந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

*

இந்தியாவில் காற்றுத் தர ஆலோசனைத் தொழிலுக்கு அன்றாடம் சோறு போடுவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 1994இல் முதன்முதலாக அறிவிக்கை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பதற்கு அடிப்படை 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை. அனல் மின்நிலையம், சிமென்ட் ஆலை, சுரங்கம், சாய வேதிப்பொருள் ஆலை என்று எதைத் தொடங்கினாலும் அனுமதிக்கு முன்னால் இந்த அறிக்கை வேண்டும். அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரத்துக்குள்ளும் துறைவாரியாகப் பிரிவுகள் உண்டு. மாசைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துவது ஒரு நிபுணரின் பொறுப்பு. வானிலையைக் கொண்டு மாசு எங்கே எவ்வளவு பரவும் என்று கணிப்பது இன்னொருவரின் பொறுப்பு.

முதல் வேலை, ஆலை வருவதற்கு முன் அந்த ஊர்க்காற்று எப்படி இருக்கிறது என்று பதிவுசெய்வது. திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எட்டுப் பத்து இடங்களில் கருவி வைப்பார்கள். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். கருவி வைக்கும் இடத்துக்கு விதிகள் உண்டு. மரத்தடியில் கூடாது, சுவரை ஒட்டிக் கூடாது, பக்கத்தில் அடுப்போ செங்கல் சூளையோ இருக்கக் கூடாது. களத்தில் பெரும்பாலும் இடத்தை முடிவுசெய்வது பிளக் பாயின்ட். மின்சாரம் வேண்டும், இரவில் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் ஊராட்சி அலுவலக மொட்டை மாடியும் பள்ளிக்கூடக் கூரையும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும். ஊரின் கடைக்கோடியில், எதிர்காலப் புகைபோக்கிக்கு நேர் எதிரே இருக்கும் குடியிருப்பில் மின்கம்பம் இல்லையென்றால், அங்கே அளவும் இல்லை.

அளக்கப்படும் பொருளின் சிறுமையை நினைத்துப் பார்ப்பது நல்லது. பிஎம் 2.5 என்பது இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான குறுக்களவு கொண்ட நுண்துகள். அதைச் சேகரிக்கும் வழக்கமான கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு நாளில் 24 கன மீட்டர். ஊர்க்காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் துகள் இருந்தால், நாள் முழுக்க ஓடிய கருவியின் வடிதாளில் சேருவது 1.2 மில்லிகிராம். ஓர் உப்புக்கல் அளவு. அந்த வடிதாளோ அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. எனவே வெறும் தாளை எடைபோட்டு, காற்றை இழுத்து, மறுபடி எடைபோட்டு, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் தாளை ஒரே ஈரப்பதத்தில், ஒரே வெப்பநிலையில் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். கையுறை ரப்பரில் ஏறிய நிலைமின்சாரம் தராசு முள்ளை அசைத்துவிடும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கிராமத்தின் மாசைவிட அதிக எடையாக இருக்கலாம். இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஆய்வகத்திலிருந்தும் இரண்டு தசம இடம் வரை துல்லியமான அட்டவணை வரும். அட்டவணையைப் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது. எடைபோட்ட அறையைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் எந்த மூன்று மாதம் என்பதும் கேள்வி. மழை தூசியைக் கழுவிவிடும் என்பதால், மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளக்கச் சொல்கிறது வழக்கம். வட இந்தியாவை மனதில் வைத்துச் சொன்னது இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழை ஓய்ந்த காலம். சென்னைக்கும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அதுதான் அடைமழைக் காலம். அதைவிட முக்கியமானது காற்றின் திசை. தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்று, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஒரு பருவத்தை மட்டும் அளந்த அறிக்கை, ஆலைக்கு ஒரு பக்கத்து ஊர்களையே பாதிக்கப்படுபவையாகக் காட்டும். ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கத்து ஊர்களின் முறை வரும்; அறிக்கையில் அவை பாதுகாப்பான இடங்களாக இருக்கும். அனுபவமுள்ள ஆலோசகர் அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் புரட்டுவது விண்ட் ரோஸ் படத்தைத்தான். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் காற்று வீசியது என்று இதழ் இதழாகக் காட்டும் வட்டப் படம் அது. அதன் அடியில் போட்டிருக்கும் மாதங்களைப் பார்த்தாலே பாதிச் செய்தி தெரிந்துவிடும்.

*

புகை பரவுவதைக் கணிக்கும் கணக்கின் வேர் போர்க்கால ஆராய்ச்சியில் இருக்கிறது. பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்தில் நச்சு வாயு திறந்தவெளியில் எப்படிப் பரவும் என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் பாஸ்குவில். 1961இல் அவர் வெளியிட்ட முறை, பிறகு உலகெங்கும் பாடப்புத்தகத்தில் ஏறியது. காற்றின் நிலையை அவர் ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்பாகப் பிரித்தார். அதற்குத் தேவை மூன்றே தகவல்கள்: வெயில் எவ்வளவு கடுமை, இரவென்றால் வானத்தில் எவ்வளவு மேகம், பத்து மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் என்ன. நண்பகலில் தரை சுட்டு, காற்று மேலும் கீழுமாகப் புரளும் நிலை ஏ. மேகமில்லாத இரவில், காற்று அசையாமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் நிலை எஃப். முதலாவதில் புகை சீக்கிரம் கலைந்துவிடும். இரண்டாவதில் மைல் கணக்கில் நாடா போல நீண்டு கிடக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், வானத்தை அண்ணாந்து பார்த்தே ஒரு வானிலை ஊழியர் நிரப்பிவிடக்கூடிய அட்டவணை அது. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்தது.

2005இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏர்மாட் என்ற மென்பொருளைத் தன் விருப்பக் கணிப்பு முறையாக ஏற்றது. அதில் ஆறு பெட்டிகளுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான அளவுகள் வந்தன. இந்திய அறிக்கைகளில் இன்று அதிகம் தென்படுவது அதுதான். அதற்குத் தீனியாகக் கொடுக்க வேண்டியவற்றில் முக்கியமானது, தரையை ஒட்டிய காற்று எந்த உயரம்வரை கலக்கிறது என்ற தகவல். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வானிலை பலூன் பறப்பது அதற்காகவும்தான். இப்படிப் பலூன் பறக்கவிடும் நிலையங்கள் ஊருக்கு ஊர் இல்லை. நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பலூனை நம்பியோ, கணினி வானிலைக் கணிப்புகளை நம்பியோ பல ஆலைகளின் புகை கணக்கிடப்படுகிறது.

கலக்கும் உயரம் என்றால் என்ன என்பதைச் சென்னைவாசிகள் 2018 ஜனவரி 13 காலையில் நேரிலேயே கண்டார்கள். அன்று போகி. விடிவதற்கு முன் பழைய பாயும் டயரும் துணியும் தெருவெங்கும் எரிந்தன. பனிமூட்டத்தோடு புகை சேர்ந்து எதிரே வரும் வண்டி தெரியவில்லை. விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எரித்த பொருளின் அளவு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ஜனவரி மாதப் பின்னிரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று படிந்துவிடுகிறது. கனமான குளிர்காற்று மேலே ஏறாது. புகை கரைய நண்பகலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரம் இருக்கும். பின்னிரவில் அதில் சிறு பகுதிதான் கிடைக்கும். அதே குப்பையை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எரித்திருந்தால், குற்றம் அதே குற்றம்தான், விமானங்கள் மட்டும் தரையிறங்கியிருக்கும்.

கடற்கரைக்கு இன்னொரு குணம் உண்டு. இதைத்தான் சென்னையின் வடகோடியில் உள்ள எண்ணூர் வட்டாரத்தின் கணக்கைப் போடுகிறவர் தூங்கும்போதும் மறக்கக் கூடாது. பகலில் கடற்காற்று உள்ளே வருகிறது. கடல்மேல் கிடந்த அந்தக் காற்று குளிர்ந்தது, அமைதியானது. கரையோரப் புகைபோக்கியின் புகை அந்த அமைதியான அடுக்கில் கலையாமல் உள்நாட்டை நோக்கிப் போகும். இதற்கிடையே வெயிலில் காய்ந்த நிலம் கீழிருந்து காற்றைக் கிளறுகிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்தக் கிளறல் உயர்ந்துகொண்டே வரும். சில கிலோமீட்டர் தள்ளி, கிளறல் புகையைத் தொடும் இடத்தில், அதுவரை மேலே போய்க்கொண்டிருந்த அத்தனையும் மொத்தமாகத் தரைக்கு இறங்குகிறது. ஆலை வாசலில் நிற்பவருக்கு நாற்றமே இருக்காது. எங்கோ உள்ளே இருக்கும் குடியிருப்பில் கண் எரியும். காற்று எங்கும் ஒரே சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும் எளிய முறைகள் இந்த இடத்தில் தடுமாறும். கடற்கரைக்குப் பொருந்தும் முறையைத் தேர்ந்தெடுத்தாரா என்பதில் ஆலோசகரின் திறமையும் நேர்மையும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

*

எண்ணூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அறிக்கையின் இறுதிக் கணக்கு எப்போதும் ஒரே மாதிரி முடியும். இப்போது காற்றில் பிஎம் 10 அளவு 70 மைக்ரோகிராம், புதிய ஆலையால் கூடுவது 2, மொத்தம் 72, நாள் வரம்பு 100, ஆகவே வரம்புக்குள். எண்கள் மாறலாம், வாக்கியம் மாறாது. இப்படித் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தபடியே அங்கே வடசென்னை அனல் மின்நிலையத்தின் மூன்று 210 மெகாவாட், இரண்டு 600 மெகாவாட் அலகுகளும், வல்லூரின் மூன்று 500 மெகாவாட் அலகுகளும் வந்து சேர்ந்தன. பக்கத்திலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் வட்டாரங்களைத் தரவரிசைப்படுத்தியபோது மணலியும் கடலூரும் மிகக் கடுமையாக மாசுபட்ட பட்டியலில் இடம்பெற்றன. ஒவ்வொரு கூட்டலும் சரியாக இருந்து, மொத்தம் மட்டும் தப்பாகிப்போன கணக்கு அது.

வரம்பு என்பதே எங்கே போட்ட கோடு என்றும் கேட்கலாம். இந்தியாவில் பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5.

ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஆலை முதலாளி என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்பவரே அறிக்கைக்கும் பணம் கொடுக்கும் ஏற்பாடு இது. இதனால் எல்லாரும் பொய் எழுதுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். நல்ல ஆலோசகர்கள் வாடிக்கையாளரிடம் இடத்தை மாற்றச் சொல்லியும், வடிகட்டியைப் பெரிதாக்கச் சொல்லியும் திட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அது அறிக்கையில் தெரியாது, ஏனென்றால் திருத்திய பின்னர்தான் அறிக்கை அச்சாகிறது. மோசமான உதாரணங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கான அறிக்கை, அப்பகுதிப் பறவைகள் பனிநாட்டு ஊசியிலைக் காடுகளில் வாழ்வதாகச் சொன்னது. ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அல்போன்சா மாந்தோப்புகளுக்கு நடுவே அந்தப் பறவைகள் என்ன செய்தன என்று யாரும் கேட்காமலே அது மேசை மேசையாக நகர்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பறவை பற்றிய பொய் எளிதில் மாட்டிக்கொள்ளும். கந்தக டை ஆக்சைடு 11.4 என்று எழுதியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

*

இதுவரை சொன்னது, புகைபோக்கி தெரியும், புகை போகும் இடம் தெரியாது என்ற வகை. இதற்கு நேர் எதிர்த் திசையிலும் வேலை உண்டு. காற்றில் மாசு இருக்கிறது, யாருடையது என்று தெரியாது.

தெருவில் நடக்கும்போது தாளிக்கும் வாசனை வந்தால், கடுகையும் பெருங்காயத்தையும் பிரித்தறிந்து யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. வடிதாளில் சேர்ந்த துகளை ஆலோசகர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். சோடியமும் குளோரினும் கடல் உப்பைக் காட்டும். அலுமினியம், சிலிக்கான் என்றால் மண். வனேடியம், நிக்கல் சேர்ந்து வந்தால் கப்பல் எரிக்கும் கசடு எண்ணெய். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் இரண்டும் எகிறியிருந்தால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்; தீபாவளி ராத்திரியாக இருக்கும், வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது முன்னது, சிவப்பைத் தருவது பின்னது. பொட்டாசியம்தான் ஆளைக் குழப்பும். அது வெடிமருந்திலும் இருக்கிறது, விறகுப் புகையிலும் இருக்கிறது. விறகுதான் என்று உறுதிசெய்ய, செல்லுலோஸ் எரியும்போது உண்டாகும் லெவோகுளுக்கோசன் என்ற சர்க்கரைச் சேர்மத்தைத் தேடுவார்கள். நூற்றுக்கணக்கான நாட்களின் வடிதாள்களைச் சேர்த்து, எந்தப் பொருட்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணினியில் பிரிக்கும் முறையை 1994இல் பின்லாந்தின் பாட்டெரோவும் டாப்பரும் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அது வழக்கத்தில் இருக்கிறது.

இந்த வேலையின் முடிவுகள் எவ்வளவு எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்பதற்கு டெல்லி சாட்சி. 2016 ஜனவரியில் ஐஐடி கான்பூர் ஆய்வாளர்கள் டெல்லி அரசிடம் பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கத்தில், நகரத்தில் வெளியாகும் பிஎம் 2.5இல் 38 சதவீதம் சாலைத் தூசி, 20 சதவீதம் வாகனம் என்று இருக்கிறது. வேறொரு பக்கத்தில், குளிர்காலத்தில் காற்றில் உள்ள பிஎம் 2.5இல் வாகனத்தின் பங்கு 20 முதல் 25 சதவீதம், பயிர்க்கழிவும் விறகும் எரிப்பதன் பங்கு 17 முதல் 26 சதவீதம், வாயுக்களிலிருந்து காற்றிலேயே உருவாகும் துகள்கள் 25 முதல் 30 சதவீதம் என்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் தூசி கீழே எங்கோ கிடக்கிறது.

இரண்டும் ஒரே அறிக்கை. இரண்டும் தவறில்லை. முதல் கணக்கு, நகர எல்லைக்குள் எங்கெங்கே எவ்வளவு கிளம்புகிறது என்று கூட்டியது. இரண்டாவது, மூக்குக்கு எட்டும் காற்றைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரியும் வைக்கோல் முதல் கணக்கில் வராது, அது டெல்லிக்கு வெளியே கிளம்புகிறது. கந்தக டை ஆக்சைடு ஆலையிலிருந்து வாயுவாகத்தான் கிளம்புகிறது; வழியில் அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் துகளாகிறது. முதல் கணக்கில் அது துகளே அல்ல. பருவமும் படத்தை மாற்றிவிடுகிறது: அதே அறிக்கையின் கோடைக்கால முடிவில் மண்ணும் சாலைத் தூசியும் கால் பங்குக்கு மேல், வாகனம் பத்து சதவீதத்துக்கும் கீழ். வாகனத்தைக் காப்பாற்ற நினைப்பவர் கோடையை மேற்கோள் காட்டலாம். மாநகராட்சியைக் காப்பாற்ற நினைப்பவர் குளிர்காலத்தை எடுக்கலாம். இரண்டும் நடந்தன.

தொடக்கத்தில் பார்த்த 14 பெருக்கல் சூத்திரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. புகைபோக்கியின் கந்தக டை ஆக்சைடு பத்து கிலோமீட்டருக்குள் எவ்வளவு இறங்கும் என்று அறிக்கை கணக்கிடுகிறது. அந்த வட்டத்தைத் தாண்டி, வாயு துகளாக மாறி, இன்னொரு மாவட்டத்தின் பிஎம் 2.5 ஆகச் சேரும்போது அது யாருடைய அறிக்கையிலும் இல்லை.

*

வடிதாளும் தராசும் எட்டாத ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. நாற்றம். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம், மீன் தீவனம் அரைக்கும் ஆலை, சென்னையின் கொடுங்கையூர் மாதிரி குப்பைமேடு ஆகியவற்றைப் பற்றி மக்கள் புகார் சொல்வது மைக்ரோகிராமில் அல்ல. இதை அளக்கும் கருவி மனித மூக்குதான். ஐரோப்பியத் தரமுறைப்படி, நாற்றமடிக்கும் காற்றைப் பையில் பிடித்து வந்து, சுத்தக் காற்றோடு கலந்து நீர்க்கச் செய்து, தேர்ந்தெடுத்த குழுவினருக்கு முகரக் கொடுப்பார்கள். குழுவில் பாதிப்பேருக்கு மட்டும் வாசனை தெரியும் அளவுக்கு எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறதோ, அதுவே அந்த நாற்றத்தின் அளவு. குழுவில் சேரவும் தேர்வு உண்டு. பியூட்டனால் என்ற சாராயவகைப் பொருளை நூறு கோடியில் 20 முதல் 80 பங்கு என்ற செறிவுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் குறைவிலேயே கண்டுபிடித்துவிடும் அபூர்வ மூக்கும் வேண்டாம், ஜலதோஷ மூக்கும் வேண்டாம். முகர்வதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

மூக்கை ஏன் இவ்வளவு மதிக்க வேண்டும் என்றால், சில வாயுக்களுக்கு அது எந்திரத்தைவிடக் கூர்மை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடைச் சாதாரண மனிதர் நூறு கோடியில் சில பங்கு இருக்கும்போதே உணர்ந்துவிடுவார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் தங்கள் மூக்கை இப்படி முறையாகப் பயன்படுத்தினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஆலைப் பக்கமிருந்து, எந்த மாதிரி நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். பிறகு வாளி வந்தது. கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வசித்தவர்களுக்காக, வழக்கறிஞர் எட்வர்ட் மேஸ்ரி 1995 வாக்கில் ஒரு பொறியாளரைக் கொண்டு செய்வித்த எளிய கருவி அது. ஆய்வகங்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த எஃகுக் குடுவைக்குப் பதில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வேதிப்பொருள் ஒட்டாத பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று பைக்குள் நுழையும். சில நிமிடத்தில் மாதிரி தயார். நாற்றம் வரும் அந்தக் கணத்திலேயே பிடித்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். வாரத்துக்கு இரண்டு நாள் ஓடும் கருவிக்கு, நள்ளிரவு ஒரு மணிக்குத் திறந்துவிடும் வாயு சிக்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2004இல் கடலூரில் இப்படிப் பிடித்த மாதிரிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் தென்பட்டன. அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவையும் இருந்தன. அங்கே காற்றில் என்னென்ன ஆவிகள் கலக்கின்றன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வாளிக்கும் குறை உண்டு. அது ஒரு கணத்தின் படம். ஆலை தரப்பு ஆலோசகர் உடனே கேட்பார்: ஐந்து நிமிடச் செறிவை 24 மணி நேர வரம்போடு எப்படி ஒப்பிடுவது? கேள்வி நியாயமானது. 24 மணி நேரச் சராசரிக்குள் ஐந்து நிமிட உச்சம் எப்படிக் கரைந்து காணாமல் போகிறது என்று கிராமத்துக்காரர் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயமே.

இந்த இரண்டு கேள்விகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை மாநில மொழியிலும் வைக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தில் காற்றைப் பற்றிய பகுதி பெரும்பாலும் ஓர் அட்டவணையும் “வரம்புக்குள்” என்ற ஒரு சொல்லும்தான். முழு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும், ஆங்கிலத்தில், சில நூறு பக்கங்கள். அதில் விண்ட் ரோஸ் படத்தின் மாதங்கள், கருவி வைத்த இடங்களின் வரைபடம், வானிலைத் தகவல் எந்த ஊருடையது, பக்கத்து ஆலைகளின் புகை கூட்டப்பட்டிருக்கிறதா என்ற நான்கையும் தேடிப் பார்க்க அரை நாள் போதும். கல்லூரியில் இயற்பியல் படித்த பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.